குன்றின் நிழல் விழுந்த பக்கம்

டெலிபோன் அலறிய அலறலில் யோகாவின் கையிலிருந்த அகப்பை நழுவிச் சொதிச் சட்டிக்குள் விழுந்தது.

மெல்பேணில், கிளேட்டனில் இருந்த அந்த வாடகை வீட்டுக்கு டெலிபோன் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை மூன்றே மூன்று தரம் அடித்திருந்தது. மூன்றும் யாரோ யாரையோ தேடி எடுத்த தவறான எண்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைக்கும் நேரத்தில் நான்காவது தடவையாக அது அடித்ததும், விக்னராஜா கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"கெதியா எடுங்கோ! நிண்டு போயிடும்!" என்றாள் யோகா.

"நிண்டால் பிறகும் அடிக்கும். நீர் முதல்ல அகப்பையை எடும்."

மறுமுனையில் வெங்கட்ராமன். கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் பழங்காலச் சரித்திரம் ஆராய்கிற தஞ்சாவூர்க்காரன். ஒரு வருஷத்துக்கு முன் பஸ் தரிப்பில் தமிழில் தும்மியதாகச் சொல்லி விக்னராஜாவோடு சிநேகம் பிடித்தவன். எப்போதும் ஒரு வேடிக்கையோடுதான் பேச்சைத் தொடங்குவான். இன்று தொடங்கவில்லை.

"விக்னா, புரொபசர்கிட்டேருந்து தந்தி வந்திருக்கு."

"நகரம் கிடைச்சிட்டுதோ?"

"மணல் கிடைச்சிருக்கு."

"என்ன?"

"படிக்கிறேன், கேளுங்க. 'பதினோரு நாள் தோண்டினோம். மணல் மட்டுமே. வரைபடம் சரியா? தண்ணீருக்குப் பணம் ஆறு நாளுக்கு மட்டும்.' அவ்வளவுதான் தந்தி."

"எந்த வரைபடம்?"

"என்ன கேள்வி இது? நீங்க போட்ட மேப்தான்."

விக்னராஜா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

நடந்தது இதுதான். வெங்கட்ராமனின் பேராசிரியர், அமூரா என்ற பழைய நகரத்தைத் தேடிப் பாலைவனத்துக்குப் போயிருந்தார். கூட ஆறு பேர். அமூரா ஒரு காலத்தில் ஒட்டகக் கூட்டங்கள் தங்கிப் போன பெரிய ஊர். இருபது கிணறுகள் இருந்தனவாம். அந்த ஊரைக் கடைசியாகப் பார்த்த யாத்திரீகன் ஒருவன் எழுதி வைத்திருந்தான்: ஒரே தலைமுறைக்குள் ஒவ்வொரு கிணறாக உப்பாகிப் போனது. இருபதாவது கிணறும் கரித்த அன்று சனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மழை பெய்ததும் திரும்பி வரலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். மழை வரவில்லை. மணல் வந்தது.

அதற்குப் பிறகு அமூரா எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷங்கள். அப்புறம், இருபது வருஷத்துக்கு முன்னால், எண்ணெய் தேடிய கம்பெனி ஒன்றின் விமானம் அந்தப் பக்கம் பறந்து படம் பிடித்தது. அதில் ஒரு படத்தை யாரோ ஒரு விமானி அழகுக்காகச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். விருந்துக்குப் போன பேராசிரியர் கையில் கோப்பையோடு அதன் முன்னால் நின்றவர் நின்றவர்தான். படத்தின் நடுவே ஒரு கருங்கல் குன்று. அதற்குக் கொஞ்சம் தள்ளி, மணலுக்கடியில் யாரோ பென்சிலால் கட்டம் போட்ட மாதிரி மங்கலான சதுரங்கள். தெருக்கள்! சுவர்கள்!

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக விமானி படத்தின் நான்கு ஓரங்களையும் கத்தரித்துவிட்டான். தேதி, எண், வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளம் எல்லாம் அந்த ஓரத்தோடு குப்பைக்குப் போய்விட்டன. வேறு பிரதியும் கிடையாது.

அந்தப் படத்தைப் பார்த்து வரைபடம் தயாரிக்கும் வேலை, மல்கிரேவில் இருந்த ஹாலிடே வரைபட நிலையத்துக்கு வந்தது. அங்கே அது விக்னராஜாவின் மேசைக்கு வந்தது. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். மெல்பேணுக்கு வந்து ஒரு வருஷம் பிஸ்கற் தொழிற்சாலையில் தட்டுக் கழுவிய பிறகுதான், ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்ற பேச்சோடு இந்த வேலை கிடைத்தது. அந்த ஆறு மாதம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் வர வேண்டும். யோகா அதற்காக எந்தச் சேலை கட்டுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள்.

வரைபடத்தில் அவன் எழுதியது இவ்வளவுதான்: குன்றுக்கு நேர் தெற்கே ஐந்து மைல்.

அங்கேதான் இப்போது ஏழு பேர் மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வெங்கட், காரைக் கொண்டு வாங்கோ. கந்தோருக்குப் போவம்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ!" என்று யோகா குசினியிலிருந்து கத்தினாள்.

"வந்து சாப்பிடுறன்."

"வரேக்க சொதி ஐஸா இருக்கும். இந்த வீட்டில வேற என்ன ஆகும்?"

அது அவனுக்குப் போட்ட குத்து. இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். மே மாதத்தில் இரண்டு வீடுகள் பார்த்தார்கள். இதில் முன்னறை ஜன்னல்கள் பெரிசு, தெற்கே பார்த்தவை. "குளிர்காலத்தில சூரியன் தெற்காலதானே போகும், வீடு முழுக்க வெயிலடிக்கும்" என்று பெரிய நில அளவையாளனாகச் சொல்லி இதையே பிடித்தான். யாழ்ப்பாணத்து மார்கழிக்கு அது சரி. மெல்பேணில் சூரியன் வடக்கால போகிறது. அவனுக்கு அது தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பான். வீடு பார்க்கிறபோது மட்டும் முப்பத்தாறு வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒரு சொட்டு வெயில் உள்ளே வரவில்லை. யோகா இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை கட்டிச் சமைத்தாள்.

இந்தக் கதையை அவன் அறியாத்தனமாகக் கந்தோரில் சொல்லிவிட்டான். மூத்த வரைவாளர் கீத், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முப்பது வருஷமாக விக்டோரியா மாநிலத்தின் படங்களைத் தவிர வேறு எதையும் தொடாதவர் கீத். நல்ல மனுஷன். விக்னராஜாவின் அறிக்கைகளில் ஆங்கிலம் இடறினால் யாருக்கும் தெரியாமல் திருத்தி வைப்பார். சனிக்கிழமைகளில் வந்து வேலை பார்க்கட்டும் என்று கந்தோர்க் கதவுத் திறப்புகளில் ஒன்றைத் தானே அவன் கையில் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்குக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்: 'விக், இங்கே சூரியன் வடக்கே!' ஒரு வாரம் யாரும் அதை அழிக்கவில்லை.

மல்கிரேவ் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மணி இரண்டு. கந்தோரில் ஒருவரும் இல்லை. விக்னராஜா படத்தையும், அதன் மேல் போட்டு வரைந்த டிரேசிங் தாளையும் வெளிச்ச மேசையில் விரித்தான். முதலில் அளவைப் பார்த்தான். சரி. குன்றின் உயரத்தை மறுபடி கணக்கிட்டான். சரி. ஐந்து மைலைத் திரும்பத் திரும்ப அளந்தான். ஒரு கால் மைல் கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்புறம் நகரம் எங்கே போச்சு? எழுந்து நடந்து போயிடுச்சா?"

"குன்று பிழையான குன்றா இருக்குமோ?"

"அந்த வட்டாரத்துல நூறு மைலுக்கு ஒரே குன்றுதான். புரொபசர் அதுமேல ஏறி நின்னு ஃபோட்டோவே எடுத்துக்கிட்டார்."

"அப்ப இந்தச் சதுரங்கள் தெரு இல்லை. படத்தில விழுந்த கீறல்."

"மூணு நாட்டு நிபுணர்கள் தெருதான்னு சொல்லியிருக்காங்க."

விக்னராஜா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குன்று இருக்கிறது, தெரு இருக்கிறது, தூரம் சரி. ஆனால் போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. பதினொரு வருஷத்தில் அவன் தொலைத்தது ஒரு குடை மட்டும்தான். இப்போது ஒரு முழு நகரத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

வெங்கட்ராமன் சட்டைப் பையிலிருந்து ஒரு நீல விமானக் கடிதத்தை எடுத்தான். "இது வெள்ளிக்கிழமை வந்தது. போய்ச் சேர்ந்த புதுசுல எழுதினது. இதுல ஏதாவது துப்பு இருக்கான்னு பாருங்க. 'அன்புள்ள வெங்கட். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறது. சமையல்காரர் எல்லாவற்றிலும் மணல் போடுகிறார், உப்பு மட்டும் போடுவதில்லை. மத்தியானம் வேலை கிடையாது. கூடாரத்தின் வடக்குப் பக்கம் இரண்டு முழ நிழல் விழும். அதில் ஏழு பேரும் தந்திக் கம்பிக் காக்கை மாதிரி வரிசையாக...'"

"நில்லுங்கோ. திரும்ப வாசியுங்கோ."

"சமையல்காரர் எல்லாவற்றிலும்..."

"அதில்லை. நிழல்! நிழல் எந்தப் பக்கம் விழுகுதாம்?"

"வடக்குப் பக்கம். ஏன்?"

விக்னராஜா மேசை மேல் குனிந்தான். படத்தில் குன்றை ஒட்டி ஒரு கறுப்பு நாக்கு மாதிரி நீண்டிருந்த நிழலையே பார்த்தான். பிறகு மேலே கிடந்த தாளைப் பார்த்தான். தாளின்படி அந்த நிழல் குன்றுக்குத் தெற்கே விழுந்திருந்தது.

"வெங்கட், இது மத்தியானம் எடுத்த படம். விமானப் படம் எல்லாம் மத்தியானத்திலதான் எடுப்பினம். ஓரம் வெட்டின படமெண்டா நிழலை வைச்சுத்தான் வடக்குக் குறிக்கிறது. மெல்பேணில மத்தியான நிழல் தெற்கால விழும். இஞ்ச ஒவ்வொரு நாளும் நாங்கள் பார்க்கிற படம் எல்லாம் அப்பிடித்தான்."

"சரி."

"அந்தப் பாலைவனம் பூமியின்ர மற்றப் பாதி, வடக்குப் பாதி. அங்க சூரியன் தெற்கால போகும். நிழல் வடக்கால விழும். கூடாரத்தின்ர நிழல் மாதிரி."

"இருங்க, இருங்க." வெங்கட்ராமன் எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் விரித்தான். "நாம இப்போ இங்கே இருக்கோம். சூரியன் இந்தப் பக்கம். அதனால நிழல் அந்தப் பக்கம். அங்கே சூரியன் அந்தப் பக்கம்... அப்போ நிழல்... சரி, தஞ்சாவூர்ல?"

"தஞ்சாவூரில மாசத்தைப் பொறுத்து ரண்டு பக்கமும் விழும்."

"ரெண்டு பக்கமுமா! இருபத்தாறு வருஷம் அங்கேதானே இருந்தேன், ஒரு நாளும் பார்க்கலையே!"

"வெங்கட், கையை இறக்குங்கோ. படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறம். நிழல் விழுந்த பக்கம்தான் வடக்கு. அமூரா குன்றுக்குத் தெற்கே இல்லை. வடக்கே!"

 ஏழு பேர் பதினோரு நாளாக நகரத்திலிருந்து பத்து மைல் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்!

முதலில் வந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்தப் பிழையை யார் விட்டது? வடக்கைக் காட்டும் அம்பைக் கறுப்பு மையில் போட்டது அவன் கைதான். அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பென்சிலில் இருந்த அம்பின் மேலேயே பேனாவை ஓட்டினான். பென்சில் அம்பை முதல் நாள் போட்டதும் அவன்தான். அப்படியானால்?

தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தான். மை அம்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தது. பென்சிலால் அழுத்தி வரைந்து, ரப்பரால் அழித்த கோடு. அதுவும் ஒரு அம்புதான். ஒற்றைச் சிறகு அம்பு. கொழும்புத் திணைக்களத்தில் பழக்கிய மாதிரி, ஒரு பக்கம் மட்டும் சிறகு. இந்தக் கந்தோரில் அப்படிப் போடுகிறவன் அவன் ஒருவன்தான்.

அந்த அழித்த அம்பு நிழல் விழுந்த பக்கத்தைக் காட்டியது. சரியான வடக்கு!

"நான் முதல்ல சரியாத்தான் போட்டிருக்கிறன்" என்றான் விக்னராஜா மெதுவாக.

"அப்புறம்?"

"பிறகு நானே அழிச்சு மாத்திப் போட்டிருக்கிறன்."

"ஏன்?"

"தெரியேல்லை. ஞாபகமே இல்லை."

"சரியாப் போட்டதை அழிச்சுத் தப்பாப் போட்டது ஒருத்தனுக்கு ஞாபகம் இல்லாமப் போகுமா?"

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை. கரும்பலகை எழுத்து கண்ணுக்குள் வந்தது. அன்றிலிருந்து, எழும்பும்போதும் பஸ்ஸில் ஏறும்போதும், இங்கே சூரியன் வடக்கே, இங்கே சூரியன் வடக்கே என்று மனப்பாடம் செய்தவன்தானே? அந்த மனப்பாடம் கையைப் பிடித்து இழுத்திருக்குமோ? அழித்ததாக நினைத்துப் பார்த்தால் அழித்த மாதிரி இருந்தது. அழிக்கவில்லை என்று நினைத்தால் அழிக்காத மாதிரியும் இருந்தது.

வெங்கட்ராமன் குரலைத் தாழ்த்தினான். அங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை, இருந்தும் தாழ்த்தினான். "விக்னா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு லெட்டர் வரணும். படத்தோட ஓரத்தை வெட்டினது யாரோ. பழியை அந்த விமானி மேல போட்டுடலாம். 'வடக்கேயும் பாருங்கள்'னு நானே ஒரு தந்தி கொடுத்துடறேன். உங்க பேரே வர வேண்டாம்."

"உங்கட தந்தியை அவை ஏற்பினமோ?"

வெங்கட்ராமன் உதட்டைக் கடித்தான். அந்த நாட்டு அதிகாரிகள் கொடுத்த அனுமதிச் சீட்டிலேயே வரைபட நிலையத்தின் பெயர் இருந்தது. வேறு இடத்தில் ஒரு மண்வெட்டி வைக்க வேண்டுமானாலும், பிழை இன்னது, திருத்தம் இன்னது என்று நிலையம்தான் எழுத்தில் தர வேண்டும். தண்ணீர் லாரி நாளைக் காலை ஊருக்குப் போகும். அப்போது தந்தி அங்கே காத்திருந்தால் ஒரு வழி உண்டு. அதை விட்டால் புதன்கிழமை. புதன்கிழமைக்குப் பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதற்குத்தான் தண்ணீர் இருக்கும். இன்னொரு தடவை போக யாரும் காசு தரமாட்டார்கள். மணலுக்கடியில் கிடக்கிற ஊர் அப்படியே கிடக்கும்.

விக்னராஜா வீட்டுக்கு டெலிபோன் எடுத்தான். முதல் மணியிலேயே யோகா எடுத்தாள்.

"யோகா, பிழை என்ர."

"என்ன பிழை?"

"வடக்கைத் தெற்காப் போட்டிட்டன்."

 "மறுபடியுமோ?" என்றாள்.

"ஓம்."

"முதலாளியிட்டச் சொன்னால்?"

"வெள்ளிக்கிழமையோட அனுப்பிப் போடுவார். சொல்லாட்டி..."

"சொல்லாட்டி அந்தச் சனம் சும்மா மண்ணைக் கிண்டிப்போட்டு வரும். எத்தினை நாளைக்குத் தண்ணி இருக்கெண்டு சொன்னியள்?"

"ஆறு."

"பிஸ்கற் பக்டரி எங்கயும் ஓடிப் போகாது. இதை வைச்சிட்டு அந்தாளுக்கு எடுங்கோ." பிறகு, வைக்கப் போகிறவள் போல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அழாதேங்கோ. வெங்கட் பார்த்தால் ஊர் முழுக்கச் சொல்லும்."

"நான் அழேல்லை."

"சரி, அழாதேங்கோ."

முதலாளி திரு ஜார்ஜ் ஹாலிடே வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் புல்வெளியில் பந்து உருட்டுகிற கழகத்தில் இருப்பார் என்று அவர் மனைவி சொன்னாள். அரை மணி நேரத்தில் அவரே வந்துவிட்டார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. கூடவே அதே வெள்ளையில் கீத்தும் வந்தார். இருவரும் ஒரே அணி. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு டாக்டர்கள் இறங்கி வருகிற மாதிரி இருந்தது விக்னராஜாவுக்கு.

அவன் உட்காரவில்லை. படத்தையும் தாளையும் காட்டி, நிழலைக் காட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அழித்த அம்பையும் காட்டினான். "முதலில் சரியாகப் போட்டு, பிறகு மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிழை என்னுடையது."

ஹாலிடே வெகுநேரம் படத்தின் மேல் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் முகம் உடுப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. "இதில் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். "ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். கீத், நீங்களாவது பார்த்திருக்கலாமே?"

  கீத் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார்.

ஹாலிடே டெலிபோனிலேயே தந்தியைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக. 'வரைபடத்தில் திசை தவறு. தவறு எங்களுடையது. குன்றுக்கு வடக்கே ஐந்து மைல் செல்லவும்.' முடித்துவிட்டு விக்னராஜாவைப் பார்த்தார். "வீட்டுக்குப் போ, விக். மற்றதைப் பிறகு பேசலாம்."

அந்தப் 'பிறகு' திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கந்தோரில் எல்லாரும் அவனிடம் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள்.  விக்னராஜா எந்தப் படத்தை எடுத்தாலும் மூன்று தரம் சுழற்றிப் பார்த்தான். கதவு எந்தப் பக்கம் என்றே ஒருமுறை சந்தேகம் வந்து, துடைப்பங்கள் வைக்கிற அறைக்குள் போய் நின்றுவிட்டான். ஒரு மனிதன் தான் செய்ததைத் தானே அறியாமல் இருக்க முடியுமா? முடியும் என்றால், இன்னும் எதையெதைச் செய்திருக்கிறான்? கொழும்பில் அவன் போட்ட படங்கள்? கண்டிப் பக்கத்து ரோடுகள்? அவற்றில் எத்தனை பேர் இந்த நிமிஷம் பிழையான பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள்?

வீட்டில் யோகா பத்திரிகையில் வேலை விளம்பரங்களை வட்டம் போட்டு வைத்திருந்தாள். "இஞ்ச பாருங்கோ, போர்வை செய்யிற கொம்பனி. இதில வடக்குத் தெற்கு ஒண்டும் இல்லை."

அவன் சிரித்தான். பிறகு அது சிரிக்கிற விஷயமா இல்லையா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

கீத் மட்டும் வேறு மாதிரி. தேநீர் வேளையில் பக்கத்தில் வந்து நிற்பார். ஏதோ சொல்லப் போகிறவர் போல மூச்சை இழுப்பார். "இன்றைக்கு மழை வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மழை வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வெங்கட்ராமன் காரை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, கையில் ஒரு காகிதத்தை ஆட்டியபடி கந்தோருக்குள் ஓடி வந்தான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கிடைச்சிடுச்சு! விக்னா, கிடைச்சிடுச்சு! 'வடக்கே ஐந்து மைல். சுவர். நேரான தெரு. கிணறுகள் மூன்று. கிணற்றுக் கல்லில் உப்பு விரல் கனம். நன்றி.' உப்பு விரல் கனமாம்யா! அந்த யாத்திரீகன் எழுதினது அத்தனையும் நிஜம்!"

கந்தோரே எழுந்து நின்று கை தட்டியது. யாரோ விக்னராஜாவின் முதுகில் அடித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகக் காணாமல் போயிருந்த ஊர் ஒரு காகிதத் துண்டில் வந்து அவன் மேசையில் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தந்தியில் இருந்த ஒவ்வொரு சொல்லும், அவன் பிழை விட்டவன் என்பதற்குச் சாட்சி. நகரம் அங்கே இருக்கிறது என்றால், அவன் அதை இங்கே தொலைத்தான் என்று அர்த்தம்.

மூன்று மணிக்கு ஹாலிடே கூப்பிட்டார்.

அவர் மேசையில் தட்டெழுத்தில் ஒரு கடிதம் இருந்தது. விக்னராஜா தலைகீழாகவே முதல் வரியைப் படித்துவிட்டான். 'வருத்தத்துடன்' என்று தொடங்கியது.

"உட்கார், விக். நகரம் கிடைத்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் இல்லை. நீ வந்து உண்மையைச் சொல்லாவிட்டால் கிடைத்திருக்காது. அதையும் எழுதித் தருகிறேன். எங்கே வேலைக்குப் போனாலும் அந்தக் கடிதம் உனக்கு உதவும்."

"நன்றி, மிஸ்டர் ஹாலிடே."

"ஆனால் நாளையோடு உன் ஆறு மாதம் முடிகிறது. வரைபடத்தில் எது பிழைத்தாலும் பொறுக்கலாம். வடக்கு பிழைத்தால்? அதைவிட, சரியாகப் போட்டதை அழித்துவிட்டு, ஏன் அழித்தேன் என்று தெரியவில்லை என்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த படத்தில் எதை அழிப்பாய்? காரணம் ஏதாவது இருந்தால் சொல். எதுவானாலும் பரவாயில்லை. தலைவலி, குடும்பத்தில் பிரச்சினை, ஏதாவது."

தலைவலி என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். விக்னராஜா யோசித்தான். ரப்பரைக் கையில் எடுத்த அந்த நிமிஷத்தை ஒரு தரமாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, நான்கு நாளாகத் தோண்டியதை மறுபடியும் தோண்டினான். திங்கட்கிழமை பின்னேரம் பென்சிலால் அம்பு போட்டான். ஐந்து மணிக்குத் தாளை மூடிவிட்டு பஸ் பிடிக்க ஓடினான். செவ்வாய்க்கிழமை காலை வந்து தாளைத் திறந்தான். அம்பு இருந்தது. அதன் மேல் மை போட்டான். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

"காரணம் தெரியவில்லை, மிஸ்டர் ஹாலிடே" என்றான். "பொய் சொல்ல விருப்பமில்லை."

ஹாலிடே பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் கீத் உள்ளே வந்து, கதவைத் தன் முதுகால் சாத்தினார். ஒரு கை கதவுக் குமிழை விடாமல் பிடித்திருந்தது. முப்பது வருஷமாக அந்த அறைக்குள் குரல் நடுங்காமல் பேசியவர், விக்னராஜாவை ஒரு தரமும் பாராமல், ஹாலிடேயின் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஜார்ஜ், அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவன் மேசையைப் பார்த்தேன், பாவம், புதுசா வந்தவன், நம்ம ஊர் வெயில் தெரியாம வடக்கை மாத்திப் போட்டிருக்கான், இது உங்க கண்ணில் பட்டா வேலை போயிடுமேன்னு, அவனுக்கே தெரியாம அந்த அம்பை அழிச்சுத் திருப்பிப் போட்டது நான்தான்."